பங்குனி வெயிலில் பிரித்த மெத்தை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை இரவு 3 மணி எனக்கு மிகவும் பழகிப்போன நேரமாக இருந்தது. மதுரையில் நாங்கள் குடியிருப்பது மேல்மாடியில். பகல் முழுவதும் வெயிலை வாங்கிக்கொண்ட மொட்டைமாடித் தளம் நள்ளிரவு கடந்த பிறகும் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். பத்தரை மணிக்குப் படுத்து, களைப்பின் மிகுதியால் எப்படியோ உறங்கிவிடும் நான், மூன்று மணியளவில் முதுகும் பிடரியும் நனைந்த நிலையில் விழித்துக்கொள்வேன். விழித்த உடனே, தணிக்கை அலுவலகத்தில் மறுநாள் முடித்துக் கொடுக்க வேண்டிய கணக்குகளும், மகளின் கல்லூரிக் கட்டணமும், அம்மாவின் சர்க்கரை அளவும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வரும். கவலைதான் என்னை எழுப்புகிறது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். முதலில் எழுப்புவது உடம்பின் புழுக்கம், விழித்த பிறகே கவலை வந்து சேர்கிறது என்பது மிகவும் பிந்தித்தான் எனக்கு விளங்கியது.

அந்த நாட்களில் நான் படுத்திருந்தது 8 அங்குலக் கனமுள்ள ஒரு மெமரி ஃபோம் மெத்தை. மன அழுத்தத்தைப் போக்கி ஆழ்ந்த உறக்கம் தரும் என்று கடைக்காரர் உறுதி கூறியதை நம்பி, இரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கியது. குளிரூட்டப்பட்ட கடையில் ஐந்து நிமிடம் படுத்துப் பார்த்தபோது உடல் முழுவதையும் ஏந்திக்கொள்வது போன்ற சுகம் இருந்தது உண்மை. அந்தச் சுகம் வீட்டில் ஏன் புழுக்கமாக மாறியது என்பதை அறிய, அந்தப் பொருள் எப்படி இயங்குகிறது என்பதைப் படித்தேன். 1966இல் அமெரிக்காவின் நாசா அமைப்புக்காக, விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்கும் திண்டாக உருவாக்கப்பட்ட பொருள் அது. உடல் சூடு பட்டதும் இளகி, உடலின் வடிவத்துக்கு ஏற்பக் குழிந்துகொடுக்கும் தன்மைதான் அதன் சிறப்பு. ஆனால் நம் ஊர் இரவில் அந்தச் சிறப்பே தொல்லையாகிவிடுகிறது. உடல் எவ்வளவு ஆழமாக அமிழ்கிறதோ அவ்வளவு தோல் காற்றுப் படாமல் மூடப்படுகிறது. வியர்வை போக வழியின்றித் தோலுக்கும் மெத்தைக்கும் நடுவே தேங்குகிறது. உறங்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 75 வாட் அளவுக்கு, அதாவது பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல, வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தச் சூட்டைப் போக விடாமல் அணைத்துக்கொள்ளும் மெத்தையில்தான் நான் ஓய்வைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உறக்கத்துக்கும் உடல் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை அறிந்துகொண்ட பிறகு, படுக்கையை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. நாம் கண்ணயர்வதற்கு முன்பே உடலின் உள்வெப்பநிலை இறங்கத் தொடங்குகிறது. இரவின் போக்கில் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் வரை குறைந்து, விடியலுக்கு முந்தைய நேரத்தில் அது மிகத் தாழ்ந்த நிலையை அடைகிறது. அந்தச் சூடு வெளியேறும் முக்கியமான வழிகள் உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் ஆகும். அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிந்தால்தான் சூடு வெளியே போகும். கை கால்களில் இரத்தம் பாய்ந்து வெதுவெதுப்பாக இருப்பவர்களே விரைவில் உறங்குகிறார்கள் என்பதை, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர்கள் 1999இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பதற்றமான நேரத்தில் நம் கைகள் சில்லிட்டுப் போவதை எல்லோரும் உணர்ந்திருப்போம். மனம் இறுகும்போது அந்தக் குழாய்களும் இறுகிவிடுவதால், உடலின் சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. கவலையோடு படுப்பவருக்கு ஏற்கெனவே பாதி அடைபட்டிருக்கும் அந்த வழியை, காற்றுப் புகாத படுக்கை மீதிப் பாதியும் அடைத்துவிடுகிறது. இதற்கு மேல், கனவுகள் மிகுந்த உறக்க நிலை பின்னிரவில்தான் அதிகம் வருகிறது. அந்நிலையில் தன் வெப்பத்தைச் சீராக்கிக்கொள்ளும் ஆற்றல் உடலுக்கு மிகவும் தளர்ந்துபோகிறது. என் 3 மணி விழிப்புக்குப் பெரும் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே, விடை எனக்கு அம்மாவின் வீட்டில் கிடைத்திருந்தது. அம்மாவுக்குத் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். பங்குனித் தொடக்கத்தில் ஒரு திருமணத்துக்காக அங்கே சென்று நான்கு இரவுகள் தங்கியபோது, நான்கு இரவுகளும் அங்கிருந்த இலவம்பஞ்சு மெத்தையில் நடுவில் விழிக்காமல் உறங்கினேன். ஊர் மாறியதும் வேலை நினைப்பு இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் ஐந்தாம் நாள் மதுரைக்குத் திரும்பி ஃபோம் மெத்தையில் படுத்ததும் அதே 3 மணி, அதே நனைந்த முதுகு. அதே வாரத்தில் மாமாவிடம் சொல்லி, அம்மா வீட்டுப் பரணில் கிடந்த பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பேருந்தின் மேல் போட்டு அனுப்பச் செய்தேன்.

போடியில் வளர்ந்தவர்களுக்கு இலவம்பஞ்சைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாசி, பங்குனி மாதங்களில் இலையே இல்லாமல் நிற்கும் மரங்களில் காய்கள் பழுப்பேறித் தொங்கும். வெடித்த காய்களிலிருந்து கிளம்பும் பஞ்சு இழைகள் காற்றில் மிதந்து வந்து தலையில் ஒட்டும். காயை உடைத்து, உலர்த்தி, விதையைப் பிரித்தெடுத்து மெத்தைக்கு அனுப்பும் பஞ்சுப் பட்டறைகள் அந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று. விதையும் வீணாவதில்லை, எண்ணெய்க்குப் போகிறது. பழுக்கும் என்று காத்திருந்து ஏமாந்த கிளியின் கதையால் இந்த மரத்துக்கு வீணான பெயரே மிஞ்சியிருப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். கிளிக்கு உதவாத அந்தப் பஞ்சில்தான் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் உறங்கியிருக்கிறார்கள். பஞ்சசயனம் என்று பழையவர்கள் எண்ணிச் சொன்ன ஐந்து படுக்கைகளில் இலவம்பஞ்சும் ஒன்று.

இந்த இழையை விரலிடையே வைத்துப் பார்த்தால் அதன் இயல்பு புரியும். பட்டைப் போன்ற மெல்லிய பளபளப்பு இருக்கும். பிடிக்கப் பிடிக்க வழுக்கும். ஒவ்வோர் இழையும் உள்ளே வெறுங்குழலாக, பெரும்பாலும் காற்றாலேயே நிறைந்திருக்கிறது. வெளியே இயற்கையான மெழுகுப் பூச்சு ஒன்று படிந்திருக்கிறது. வழுவழுப்பும் குறுகிய நீளமும் காரணமாக இதை நூலாக நூற்பது மிகக் கடினம். அதே மெழுகு காரணமாக இது நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். மெத்தைக்காரர் கொண்டுவந்த பஞ்சில் ஒரு சிட்டிகையை எடுத்து, கிண்ணத்து நீரில் அமிழ்த்தி விட்டுப் பார்த்தேன். உடனே மேலே வந்து, மறுநாள் காலை வரை மிதந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் போட்ட மருத்துவப் பஞ்சு சில நொடிகளில் நனைந்து அடியில் போய்விட்டது.

இலவம்பஞ்சு உடலுக்குக் குளிர்ச்சி என்று பலரும் கூறுவார்கள். இதைச் சற்றுத் திருத்திச் சொல்ல விரும்புகிறேன். உள்ளே காற்று நிறைந்த எந்தப் பஞ்சும் சூட்டை எளிதில் கடத்தாது, இலவம்பஞ்சும் அப்படித்தான். மலையூர்களில் பனிக்காலத்தில் அதே மெத்தை கதகதப்பாக இருப்பதும் அதனால்தான். அது செய்யும் நன்மை வேறு. நெருக்கமாக அடைத்துத் தைத்த இலவம்பஞ்சு மெத்தையில் உடல் ஓரங்குலத்துக்கு மேல் அமிழ்வதில்லை. ஆகவே பக்கவாட்டில் காற்றுப் படுகிறது. புரண்டு படுப்பதற்கும் முயற்சி தேவைப்படுவதில்லை. வியர்வையின் ஈரம் பஞ்சில் ஊறித் தங்காமல், பருத்தி உறையின் வழியே உலர்ந்துவிடுகிறது. விடியும்போது படுக்கை ஈரமின்றி இருப்பதே பாதி ஓய்வு.

பரணிலிருந்து வந்த மெத்தையை அப்படியே பயன்படுத்த முடியவில்லை. பல ஆண்டுகளாகப் பிரிக்கப்படாமல் கிடந்ததால் பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டு, நடுவில் பள்ளமாகியிருந்தது. எங்கள் தெருவுக்கு அவ்வப்போது வரும் மெத்தைக்காரர் ஒருவரை அழைத்தோம். எழுபதை நெருங்கும் பெரியவர். மொட்டைமாடியில் பழைய புடவைகளை விரித்து, மூக்கையும் வாயையும் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, ஓரத் தையலை மட்டும் கவனமாகப் பிரித்தார். திரண்டிருந்த பஞ்சைக் கைகளால் உதிர்த்துப் பிய்த்து, காற்றில் பறக்காதிருக்க மேலே ஒரு கொசுவலையைப் போர்த்தி, பங்குனி வெயிலில் உச்சிவேளை வரை விட்டுவைத்தார். காலையில் ஒரு மூட்டைக்குள் அடங்கியிருந்த பஞ்சு, உச்சிப்பொழுதில் அதைப்போல இரு மடங்காகப் பூரித்து நின்றதை நானும் மகளும் வியந்து பார்த்தோம். குறைந்துபோன அளவுக்குப் புதுப் பஞ்சு 3 கிலோ சேர்த்து, கோடு போட்ட கெட்டிப் பருத்தித் துணியில் புதிய உறை தைத்து, மூலைகளில் முதலில் திணித்து, பிறகு நடுப்பகுதியை நிரப்பினார். கோணி ஊசியால் மேலிருந்து கீழ்வரை குத்தி இழுத்து, ஒரு சாணுக்கு ஒன்றாக முடிச்சிட்டார். அந்த முடிச்சுகள்தாம் பஞ்சை இடம்பெயராமல் பிடித்துவைக்கின்றன என்றும், முடிச்சைச் சிக்கனப்படுத்திய மெத்தை ஓராண்டிலேயே பள்ளமாகிவிடும் என்றும் விளக்கினார். "வெயில்ல போடுங்க தாயி, ஆனா தடியால அடிச்சிராதீங்க, பஞ்சு முறிஞ்சு பொடியாப் போயிரும்" என்று அவர் போகும்போது கூறியதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

மெத்தை கடினமாக இருக்க வேண்டுமா, மென்மையாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் நெடுநாள் இருந்தது. இடுப்பு வலிக்குப் பலகைபோன்ற படுக்கைதான் மருந்து என்று அம்மா உறுதியாக நம்பி, தென்னை நார் மெத்தையையும் ஒதுக்கிவிட்டு வெறும் கட்டில் பலகையில் போர்வை விரித்துப் படுத்து வந்தார்கள். ஸ்பெயினில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரிடம் நடத்தப்பட்டு, 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு வேறு முடிவைச் சொல்கிறது. மிகக் கடினமான மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே 90 நாட்களின் முடிவில் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. நன்றாக அடைத்த பஞ்சு மெத்தை அந்த நடுத்தரத்தில்தான் வருகிறது. இதை அம்மாவுக்கு விளக்கிச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

கோடையில் மெத்தையின் மேல் ஒரு கோரைப்பாயை விரித்துக்கொள்வது அம்மாவின் வழக்கம். இளவயதில் எனக்கு அது காரணமற்ற பழக்கமாகத் தோன்றியது. இப்போது சித்திரை, வைகாசி மாதங்களில் அந்தப் பாய் இல்லாமல் நான் படுப்பதில்லை. கோரைத் தண்டு உள்ளே கடற்பஞ்சுபோல நுண்ணிய காற்றறைகள் கொண்டது. வரிசையாக நெய்த தண்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களின் வழியே முதுகுக்குக் கீழும் காற்று ஊர்ந்து போகிறது. திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில், கோரையை ஆற்று நீரில் ஊறவைத்து, நுண்ணிய இழைகளாகக் கிழித்து நெய்யும் பட்டுப்பாய்கள் துணியைப் போல மடியக்கூடியவை. 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு அங்கிருந்து ஒரு பாய் பரிசாக அனுப்பப்பட்டது. அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. அன்றாடம் படுப்பதற்கு அவ்வளவு நுண்ணிய பாய் தேவையில்லை. சாதாரணக் கோரைப்பாயே போதும். நெகிழி இழையில் நெய்த பாயை மட்டும் அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். வியர்வை பட்டதும் அது தோலோடு ஒட்டிக்கொண்டு, ஃபோம் மெத்தை செய்த அதே தீங்கைச் செய்கிறது. கோரைப்பாயை மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் பல ஆண்டுகள் உழைக்கும்.

விரிப்பைப் பொறுத்தவரை, தோலோடு நேரடியாக உறவாடும் பொருள் அதுதான் என்பதால், மெத்தைக்குச் செலவிட்டுவிட்டு விரிப்பில் சிக்கனம் பார்ப்பது பொருந்தாது. கடைகளில் இழை எண்ணிக்கையைப் பெரிதாகச் சொல்லி விற்கிறார்கள். இழைகள் மிக நெருக்கமானால் துணி வழுவழுப்பாகும். ஆனால் காற்றுப் போகும் வழி குறையும். பாலியஸ்டர் கலந்த விரிப்பு சுருங்காது, சாயமும் போகாது. வியர்வையை வாங்கிக்கொள்ளவும் செய்யாது. நான் இப்போது பயன்படுத்துபவை சென்னிமலைப் பருத்தி விரிப்புகள். வாங்கியவுடன் இரண்டு முறை துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட்டுத்தான் விரிக்கிறேன். ஐந்தாறு மாதங்கள் துவைத்துத் துவைத்து மென்மையேறிய விரிப்புக்கு நிகரான சுகத்தைப் புதிய விரிப்பு எதுவும் தருவதில்லை. அப்பாவின் பழைய வேட்டிகளை இரண்டாக மடித்துத் தைத்து அம்மா எனக்குப் போர்வையாகக் கொடுத்திருக்கிறார்கள். அதன் மென்மையில் நூலின் பங்கு எவ்வளவு, நினைவின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

தலையணையின் உயரம் குறித்து ஒரே ஒரு குறிப்பு. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள தொலைவைத் தலையணை நிரப்ப வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதில் பாதியே போதும். இலவம்பஞ்சுத் தலையணையில் பஞ்சைக் கூட்டவும் குறைக்கவும் முடிவதால், தையலைச் சற்றுப் பிரித்து, நாலைந்து இரவுகள் படுத்துப் பார்த்து, கழுத்துக்குப் பொருந்தும் அளவை நாமே கண்டுகொள்ளலாம். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையே ஒரு சிறு திண்டை வைத்துக்கொண்டால் இடுப்பின் இறுக்கம் குறைகிறது.

மன அழுத்தத்துக்கென்றே அண்மைக்காலத்தில் பரவலாக விற்கப்படுபவை எடைப் போர்வைகள். உடலின் மேல் சீராகப் படியும் அழுத்தம், யாரோ அணைத்துக்கொண்டிருப்பதைப் போன்ற அமைதியைத் தரும் என்பதே அவற்றின் அடிப்படை. இதைப் புறந்தள்ளிவிட முடியாது. சுவீடனில் மனநலச் சிக்கல்களோடு உறக்கமின்மையும் கொண்ட 120 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், 6 முதல் 8 கிலோ எடையுள்ள போர்வையை நான்கு வாரங்கள் பயன்படுத்தியவர்களுக்கு, 1.5 கிலோ போர்வையைப் பயன்படுத்தியவர்களைவிட உறக்கமின்மை மிகுதியாகக் குறைந்திருந்தது. ஆனால் அது சுவீடன். மதுரையின் கோடை இரவில் 7 கிலோ போர்வையின் கீழே உடலின் சூடு எங்கே போகும்? உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் வாழ்வோருக்கு இது பயன்படலாம். சிறு குழந்தைகளுக்கும் மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கும் எங்குமே பொருந்தாது. அணைப்பு வேண்டியிருக்கும் இரவுகளில் நான் நீண்ட பஞ்சுத் திண்டு ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் அணைப்பும் மறுபக்கம் காற்றும் கிடைக்கின்றன.

இலவம்பஞ்சை வாங்க நினைப்பவர்கள் இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, இது மிக எளிதில் தீப்பற்றும் பொருள். கொசுவத்திச் சுருளையோ விளக்கையோ கட்டிலின் அருகில் வைக்கவே கூடாது. இரண்டாவது, இலவம்பஞ்சு என்ற பெயரில் ஆலைக் கழிவுப் பஞ்சைக் கலந்து அடைத்து விற்கும் இடங்கள் உண்டு. நானே முதல் தலையணைகளை வாங்கிய கடையில் அப்படி ஏமாந்திருக்கிறேன். மூன்று மாதத்தில் அவை கல்லாகிவிட்டன. உறையைத் தைத்து மூடுவதற்கு முன்பு பஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தூசி ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் மெத்தையைப் பிரிக்கும் நாளில் வீட்டில் இருக்காமல் வெளியே சென்றுவிடுவது நல்லது; நெருக்கமான நெசவுள்ள உறையை அவர்கள் மேலே இன்னொன்றாகப் போட்டுக்கொள்ளலாம். இவை எல்லாம் செய்தும் மாதக்கணக்கில் உறக்கம் பிடிக்காதவர்களும், உறக்கத்தில் பெருங்குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்களும் பார்க்க வேண்டியது மருத்துவரை, மெத்தைக்காரரை அல்ல.

ஃபோம் மெத்தையைக் கூடத்துத் திண்ணையில் விருந்தினருக்காக வைத்துவிட்டோம். மார்கழியில் அதுவும் நன்றாகவே இருக்கிறது. அலுவலகத்தில் கணக்குகள் குறையவில்லை. சென்ற செப்டம்பர் மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாளும் எட்டு மணிக்கு முன்பு நான் வீடு திரும்பவில்லை. அந்த வாரத்திலும் இரவு 3 மணியைக் கடிகாரத்தில் நான் பார்க்கவில்லை. கவலைகள் காலை ஆறு மணிக்குத்தான் வந்தன. அப்போது அவற்றை எதிர்கொள்ளப் போதிய தெம்பு இருந்தது.

இந்தப் பங்குனியில் அம்மாவின் மெத்தையையும் பிரித்தாயிற்று. பெரியவர் இம்முறை தம் பேரனையும் உடன் அழைத்து வந்திருந்தார். முடிச்சுகளை எல்லாம் அந்தப் பையன்தான் போட்டான். பொழுது சாயும் நேரத்தில் தைத்து முடித்த மெத்தையைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தபோது, வெயிலின் வாசம் அறை முழுவதும் பரவியது. அம்மா அதன்மேல் கையை அழுத்தி, எடுத்து, மீண்டும் ஓரிடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டைச் சற்று முன்னதாகவே கேட்டார்கள்.